சிங்கப்பூர்ப் பள்ளியா, இந்தியப் பள்ளியா? பிள்ளையைச் சேர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னையிலோ கோவையிலோ இருக்கும் குடும்பத்துக்குச் சிங்கப்பூர் மாற்றல் வந்தால், வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகத் தூக்கத்தைக் கெடுப்பது பள்ளிக்கூடம்தான். உள்ளூர்ப் பள்ளியா, சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் இந்திய அனைத்துலகப் பள்ளியா, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டப் பள்ளியா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவரவர் பிள்ளைக்கு அது சரியாகவும் இருக்கும். பிள்ளையின் வயது, குடும்பம் இங்கே இருக்கப்போகும் காலம், வீட்டில் புழங்கும் மொழி ஆகிய மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். இந்த மூன்றில் பலரும் கடைசியாக யோசிப்பது மொழியை. பின்னால் அதிகம் இடிப்பதும் அதுதான்.

சிங்கப்பூர் ‘இருமொழிக் கல்வி’ என்று சொல்வதைப் பாதி நேரம் தமிழிலும் பாதி நேரம் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லாமே ஆங்கிலத்தில்தான். தாய்மொழி ஒரே ஒரு பாடம். 1966ல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழியைக் கட்டாயமாக்கினார்கள். 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி என்றானது. அதற்கு முன் தமிழ்வழிப் பள்ளிகள் இங்கே இருந்தன. கடையநல்லூரிலிருந்து வந்தவர்கள் 1946ல் தொடங்கிய உமறுப் புலவர் பள்ளிதான் அவற்றில் கடைசி. அது 1982ல் மூடப்பட்டது. அந்தப் பெயர் இன்று பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. உங்கள் பிள்ளை என்றாவது அந்த நிலையத்துக்குப் போகவேண்டி வரலாம்; அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பாடம்தானே என்று விடவும் முடியாது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில், அதாவது எல்லாரும் பிஎஸ்எல்இ என்று சொல்லும் ஆறாம் வகுப்புத் தேர்வில், நான்கு பாடங்கள்: ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி. நான்குக்கும் ஒரே எடை. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை கொடுக்கிறார்கள். நூற்றுக்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் 1, 85 முதல் 89 வரை 2, 80 முதல் 84 வரை 3, 75 முதல் 79 வரை 4, 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6. நான்கையும் கூட்டினால் வருவதே மொத்தப் புள்ளி. மிகச் சிறந்தது 4, மிக மோசமானது 32. எந்த உயர்நிலைப் பள்ளியில் இடம் என்பதை இந்தக் கூட்டல்தான் முடிவு செய்கிறது. பேர்போன பள்ளிகளின் வெட்டுப்புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஓரிரு புள்ளி தூரத்தில் நிற்கும். தமிழில் 1 வாங்கவேண்டிய பிள்ளை 4 வாங்கினால் மூன்று புள்ளி போய்விடும். அதைக் கணக்கிலும் அறிவியலிலும் ஈடுகட்டுவது லேசில்லை.

‘தாய்மொழியிலிருந்து விலக்கு வாங்கிவிடலாமே’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல வருஷம் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு வாங்கினால் அந்தப் பாடம் கூட்டலிலிருந்து மறைந்துவிடாது. மற்ற மூன்று பாடங்களில் அதே அளவு வாங்கிய மாணவர்களோடு ஒப்பிட்டு ஒரு தாய்மொழி மதிப்பை ஒதுக்குகிறார்கள். அது 6 முதல் 8 வரைதான் இருக்கும். சுமாராகத் தமிழ் படித்து 60 மதிப்பெண் வாங்கினாலே 6 கிடைத்துவிடும். ஆக, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு விலக்கு கேட்பது கையில் இருக்கும் புள்ளியைத் தூக்கிக் கொடுப்பதுதான்.

எது தாய்மொழி என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்குத் தமிழ், அல்லது இந்தி, உருது, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி ஆகிய ஐந்தில் ஒன்று. தெலுங்கு, மலையாளம், கன்னடம் பட்டியலில் இல்லை. அதனால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை தமிழோ இந்தியோ எடுக்கிறது. பள்ளி ஒத்துக்கொண்டால் மலாயோ சீனமோ எடுக்கவும் வழி உண்டு. மேலே சொன்ன ஐந்து மொழிகளையும் பெரும்பாலும் சமூக அமைப்புகளே நடத்துகின்றன. பல பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதான் வகுப்பு. சென்னையில் இந்தியை இரண்டாம் மொழியாக எடுத்துப் படித்த தமிழ்ப் பிள்ளையின் பெற்றோர், ‘இந்தியே தொடரட்டும், எழுத்து தெரியுமே’ என்று நினைப்பது இயல்பு. இரண்டாம் வகுப்புக்குள் இருந்தால் தமிழுக்கு மாற்றுவதே நல்லது. இந்தி வகுப்பில் பக்கத்தில் உட்காரப்போவது வீட்டிலும் இந்தி பேசும் பிள்ளைகள். தமிழ் எழுத்தைப் பிடிக்க ஆறு மாதம் ஆகும். பேச்சு மொழியோ ஏற்கெனவே வாயில் இருக்கிறது. நான்காம் வகுப்புக்கு மேல் வருகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு மாறும். அப்போது கையில் இருக்கும் எழுத்தை விடக்கூடாது.

தமிழ்த் தேர்வுத் தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தற்போதைய வடிவில் மொத்தம் 200 மதிப்பெண். கட்டுரைக்கு 40, மொழிப் பயன்பாடும் கருத்தறிதலும் சேர்ந்து 90, வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. அடைவுநிலை 1 வாங்க 180 வேண்டும். அதாவது எல்லாவற்றிலும் சேர்த்து 20தான் இழக்கலாம். வாய்மொழியும் கேட்டலும் சேர்ந்தால் 70 மதிப்பெண், நூற்றுக்கு 35. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த 70தான் சொத்து. அதையும் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

வாய்மொழித் தேர்வு இப்படி நடக்கும். முதலில் ஒரு பத்தியை உரக்க வாசிக்க வேண்டும், அதற்கு 20 மதிப்பெண். பிறகு திரையில் ஒரு சின்னக் காணொளி. உணவங்காடியில் ஒருவர் சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்காமல் போகிறார், பூங்காவில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது ஒரு முதியவர் மேல் படுகிறது என்ற மாதிரிக் காட்சிகள். அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாட வேண்டும்; இதற்கு 30. என்ன பார்த்தாய், உனக்கு இப்படி நடந்திருக்கிறதா, நீ என்ன நினைக்கிறாய் என்ற போக்கில் கேள்விகள் வரும்.

தமிழ்நாட்டுப் பெற்றோர் தடுக்கி விழுவது இங்கேதான். தேர்வு என்றதும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழில் பேசப் பயிற்சி கொடுப்பார்கள். ‘அந்தச் சிறுவன் குப்பையைத் தரையில் வீசிச் சென்றான். அச்செயல் தவறானதாகும்’ என்று பிள்ளை மேடைப்பேச்சு போல ஒப்பிக்கும். ஒப்பித்தது தீர்ந்ததும் வாய் மூடிக்கொள்ளும். சிங்கப்பூர்ப் பாடத்திட்டம் 2005ல் நடந்த மறுஆய்வுக்குப் பிறகு நல்ல பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. உரையாடலில் எதிர்பார்ப்பது, ‘அந்தப் பையன் குப்பைய கீழ போட்டுட்டுப் போயிட்டான். அது தப்பு, ஏன்னா அடுத்து வர்றவங்க வழுக்கி விழலாம்’ என்கிற மாதிரிப் பேச்சை. வட்டார வழக்கு மிகையாக இருக்கக்கூடாது, வாக்கியத்துக்கு இரண்டு ஆங்கிலச் சொல் கலக்கக்கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்காரருக்கு இது கூச்சமாக இருக்கும். பேச்சு வழக்கைக் ‘கொச்சை’ என்று சொல்லித் தந்த பள்ளிகளில் படித்தவர்கள் நாம். ஆனால் பேச்சு மொழியைத் தேர்வில் மதித்ததுதான் இந்தப் பாடத்திட்டத்தின் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. இரண்டு தமிழும் பிள்ளைக்குத் தனித்தனியாக வேண்டும். வாசிக்கும்போது ‘செல்கிறார்கள்’, பேசும்போது ‘போறாங்க’.

வீட்டில் பயிற்சி தருவது சுலபம். ஏதாவது ஒரு நிமிடக் காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, என்ன நடந்தது என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கிட வேண்டாம். முடித்ததும் ‘ஏன்?’ என்று மட்டும் கேளுங்கள், அதற்கும் பதில் வந்தபின் ‘நீயா இருந்தா?’ என்று கேளுங்கள். பதில் நீள நீள மதிப்பெண் கூடும். பத்து நிமிடம் போதும், வாரத்தில் நான்கு நாள். ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு விடுங்கள். அந்த இடத்தில் இலக்கண வகுப்பு எடுத்தால் மறுநாள் பிள்ளை கழிவறைக்குள் ஒளிந்துகொள்ளும்.

எழுத்தில் நடக்கும் பிழைகள் வேறு. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு ர-ற, ன-ண, ல-ள-ழ மயக்கமும் ஒற்று விடுவதும்தான் பெரிய குறை. இங்கேயே பிறந்த பிள்ளைக்கு ‘நான் விளையாடினான்’, ‘அம்மா வந்தான்’ என்று தன்மை படர்க்கையும் ஆண்பால் பெண்பாலும் ஆடிப்போகும். ‘நான் போனேன் கடைக்கு’ என்று ஆங்கில வரிசையில் வாக்கியம் அமையும். முன்னதற்குச் சொல்வதெழுதல் போதும். பின்னதற்குப் பேச்சுதான் மருந்து. பயிற்சித் தாளை எத்தனை நிரப்பினாலும் சரியாகாது. கட்டுரைக்கு டியூஷன் நிலையங்கள் மனப்பாட வாக்கியங்கள் தருகின்றன. ‘ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய இனிய காலை வேளை’ என்று ஆரம்பிக்காத தொடக்கநிலைக் கட்டுரையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கதை இரவில் நடந்தாலும் ஆதவன் வந்துவிடுவான்! கேட்ட கதைக்குப் பொருந்தாத அலங்காரம் கருத்து மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

வயது விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் 7 வயது நிறையும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை 1. ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே அணி. தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. 2019 மார்ச்சில் பிறந்த பிள்ளை தமிழ்நாட்டில் 2024 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. இங்கே 2026 ஜனவரியில்தான் தொடக்கநிலை 1. அதாவது அங்கே இரண்டாம் வகுப்பின் பாதியில் இருக்கும் பிள்ளை இங்கே முதல் வகுப்பில் உட்காரும். ‘ஒன்றரை வருஷம் வீண்’ என்று தாத்தா பாட்டி புலம்புவார்கள். வயதுக்கு அது சரியான வகுப்புதான்; அந்த இடைவெளியில் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். திரும்பிப் போகும்போதுதான் வலிக்கும். அதே பிள்ளை 2031 நவம்பரில் தொடக்கநிலை 6 முடிக்கும்போது ஊரில் அதன் சோட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருப்பார்கள்.

இந்திய அனைத்துலகப் பள்ளிகள் இதற்காகவே பிழைக்கின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற அதே கல்வியாண்டு, அதே என்சிஇஆர்டி புத்தகம். ஊர் திரும்பினால் வகுப்பு மாறாது. சிபிஎஸ்இயில் தமிழும் ஒரு பாடமாக உண்டு. ஆனால் நீங்கள் சேர்க்கப்போகும் பள்ளி, நீங்கள் சேர்க்கப்போகும் வகுப்பில் தமிழ் நடத்துகிறதா, பத்தாம் வகுப்புத் தேர்வு வரை கொண்டுபோகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘தமிழ் இருக்கிறது’ என்பதற்கு ‘ஐந்தாம் வகுப்பு வரை, மூன்றாம் மொழியாக, வாரத்துக்கு இரண்டு பாடவேளை’ என்று பொருள் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. 2015-16 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிகளுக்கும் அதை விரித்தார்கள். எனவே ஊர் திரும்புகிறவர்களுக்குத் தமிழ் தெரியாத பிள்ளை ஒரு நிர்வாகப் பிரச்சினையும் கூட.

ஐபி பள்ளிகளில் தமிழ் அநேகமாக வகுப்பாக இருக்காது. டிப்ளோமா கட்டத்தில் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் மேற்பார்வையில் தானே படிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. தமிழுக்கு அந்த ஆண்டு அது கிடைக்குமா, மேற்பார்வைக்கு ஆள் யார் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிட வேண்டும். அதுவரை பிள்ளை தமிழில் நாவல் வாசிக்கும் நிலையில் இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். கட்டணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நிறுவனம் கட்டினால் பாருங்கள்.

உள்ளூர்ப் பள்ளியில் நுழைவது எப்படி? சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தொடக்கநிலை 1 பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டுக்குள், அதற்கு அப்பால் என்று பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டம்தான், அதாவது மூன்றாம் கட்டம். முதலில் இணையத்தில் விருப்பத்தைப் பதிய வேண்டும். மிச்சம் இடம் இருந்தால் கூப்பிடுவார்கள், உத்தரவாதம் கிடையாது. பெரிய வகுப்பில் சேர அனைத்துலக மாணவர் நுழைவுத் தேர்வு உண்டு. ஆங்கிலத்திலும் கணக்கிலும் சோதிப்பார்கள்; தொடக்கநிலை 2 முதல் 5 வரை, உயர்நிலை 1 முதல் 3 வரை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணக்கில் வேகமாக இருப்பார்கள், ஆனால் வார்த்தைக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். சமன்பாடு போடாமல் பட்டைகள் வரைந்து பிரித்துக் காட்டும் முறை இங்கே கீழ்வகுப்பிலிருந்தே ஊறிப்போனது. மூன்று மாதம் அந்த முறையைப் பழகாமல் தேர்வுக்குப் போகவேண்டாம். தேறினாலும் பள்ளியைக் கல்வி அமைச்சுதான் ஒதுக்கும், நீங்கள் கேட்ட பள்ளி வராது.

குடியுரிமை பெற்ற பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியில் மாதம் 13 வெள்ளிக்குள் பலவகைக் கட்டணத்தோடு முடிந்துவிடும். தென்கிழக்காசிய (ஆசியான்) நாட்டவர் அல்லாத வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதுவே பல மடங்கு, வருஷாவருஷம் ஏறும். அப்படியும் அனைத்துலகப் பள்ளியை விடக் குறைவுதான். நிரந்தரவாசம் வாங்கினால் கட்டணம் குறையும். ஆண் பிள்ளை என்றால் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணிப் பொறுப்பும் கூடவே வரும். இதைக் கட்டணக் கணக்கோடு மட்டும் பார்க்கக்கூடாது. குடியுரிமை உள்ள பிள்ளையை அனைத்துலகப் பள்ளியில் போட வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், அது லேசில் வராது.

பள்ளியில் சேர்க்கும் முன் இன்னொன்று பாருங்கள்: அங்கே தமிழ் வகுப்பு இருக்கிறதா? சீன மரபை முதன்மையாகக் கொண்ட சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தமிழ் கிடையாது. தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் தாய்மொழி வேளையில் வகுப்பு பிரிந்து சீனத்துக்கு ஒரு பக்கம், மலாய்க்கு ஒரு பக்கம், தமிழுக்கு ஒரு பக்கம் போகும். தமிழ்ப் பிள்ளைகள் குறைவான பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்வார்கள். சரளமாகப் பேசுகிறவரும் ‘அ’ தெரியாதவரும் பக்கத்தில் பக்கத்தில். உயர்நிலையில் உங்கள் பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் பள்ளி முடிந்தபின் மேலே சொன்ன உமறுப் புலவர் நிலையம் போன்ற இடத்துக்குப் பிள்ளை பேருந்தில் போக வேண்டும். இணைப்பாட நடவடிக்கையோடு நேரம் மோதும். மதியச் சாப்பாட்டைப் பேருந்தில் சாப்பிடமுடியாது என்பதையும் (இங்கே அபராதம்) நினைவில் வையுங்கள்.

பாலர் பள்ளிதான் எல்லாரும் கவனிக்கத் தவறும் இடம். தனியார் பாலர் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இரண்டாம் மொழி என்றால் சீனம்தான். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு, ஆனால் அவை சிங்கப்பூரர்க்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். மூன்று வருஷம் சீனப் பாட்டுப் பாடிவிட்டுத் தொடக்கநிலைத் தமிழ் வகுப்புக்குள் நுழையும் பிள்ளை, வகுப்பில் பாதிப்பேர் எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்த்து மிரளும். முதல் இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் தேர்வு இல்லை, பேசுவதிலும் கேட்பதிலும்தான் பாடம் தொடங்கும்; ஆகவே அந்த இரண்டு வருஷம் எழுத்தைப் பிடிக்கப் போதுமான அவகாசம். ஆசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நவம்பரில் சொன்னால் யாரும் எதுவும் செய்யமுடியாது.

வீட்டு மொழிதான் கடைசிக் கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 48.3 பேர்; தமிழ் என்றவர்கள் 2.5 பேர். 2010ல் தமிழ் 3.3ஆக இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் பேசும், நீங்களும் களைப்பில் ஆங்கிலத்தில் பதில் சொல்வீர்கள்; இரண்டாவது வருஷத்தில் தமிழ் ‘பாட’மாகிவிடும். ‘தமிழிலேயே பேசு’ என்று உத்தரவு போடுவதைவிட, சாப்பாட்டு மேசை தமிழுக்கு, வீட்டுப்பாடம் ஆங்கிலத்துக்கு என்று இடத்தைப் பிரித்துக்கொள்வது நிலைக்கிறது. தம்பி தங்கை இருந்தால் மூத்தது எந்த மொழியில் பேசுகிறதோ அதையே சின்னதும் பிடிக்கும். முதல் பிள்ளையிடம் விட்டால் இரண்டாவதிடம் மீட்க முடியாது.

என்னைக் கேட்டால், பிள்ளைக்கு 8 வயதுக்குள், ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் எண்ணமும் உண்டு என்றால் உள்ளூர்ப் பள்ளியும் தமிழும். 10 வயதுக்கு மேல், இரண்டு மூன்று வருஷத்தில் திரும்ப வாய்ப்பு என்றால் சிபிஎஸ்இ. தொடக்கநிலை 5ல் உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றுவது மட்டும் வேண்டாம்: பிஎஸ்எல்இக்கு இரண்டு வருஷம்கூட இருக்காது, தமிழ், பட்டைக் கணக்கு, அறிவியல் விடை எழுதும் முறை மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டியிருக்கும். கிளம்பும் முன் பிறப்புச் சான்றிதழோடு, தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் தடுப்பூசி போட்ட அட்டையையும் எடுத்துவையுங்கள். 12 வயது வரையிலான பிள்ளைக்கு நீண்டகால அனுமதி அட்டை கேட்கும்போது அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஊரில் குழந்தை மருத்துவர் கையால் எழுதிய மஞ்சள் புத்தகத்தில் தேதி தெளிவாக இல்லையென்றால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தட்டச்சு செய்த கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.